பனியன் கம்பெனிக்கு மென்பொருள்: இருப்பது போதுமா, வாடகையா, சொந்தமாக எழுத வைப்பதா?

கணக்கு டேலியில் இருக்கிறது. துணி எங்கே இருக்கிறது என்பது ஃபேப்ரிக் இன்சார்ஜின் எக்செல் கோப்பில் இருக்கிறது. நேற்று எந்த லைனில் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்பது வாட்ஸ்அப் குழுவில் படமாகக் கிடக்கிறது. திருப்பூரில் நூறு, இருநூறு தையல் இயந்திரங்கள் ஓடும் நிறுவனங்கள் பலவற்றின் நிலை இதுதான். பையர் (ஆர்டர் கொடுத்து வாங்குபவர்) ஆர்டரின் நிலையைக் கேட்டு மெயில் அனுப்பினால், மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்) மூன்று பேருக்குப் போன் போட்ட பிறகுதான் பதில் எழுத முடிகிறது.

இந்த இடத்தில் சிக்கிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றேதான். இருப்பதையே சீர்செய்து ஓட்டலாமா, மாத வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருளுக்குப் போகலாமா, உள்ளூர் மென்பொருள்காரரிடம் நமக்கென்றே எழுதி வாங்கலாமா, அல்லது இஆர்பிநெக்ஸ்ட், ஓடூ போன்ற திறந்த மூல மென்பொருளை (நிரலை யாரும் எடுத்து மாற்றக்கூடியதை) எடுத்து மாற்றிக்கொள்ளலாமா? நான்குக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அதை விற்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

விற்க வருபவர் திரையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் காட்டுவார். அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு லாட்டின், அதாவது ஒன்றாக அனுப்பிய துணித் தொகுதியின், கதையைச் சொல்லி, அதை அவருடைய மென்பொருளில் உங்கள் கண்ணெதிரே பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். கதை இப்படி இருக்கட்டும்.

500 கிலோ கிரே துணி (சாயம் ஏற்றாத துணி) ஒரே டிசியில் (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) சாயப்பட்டறைக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை 310 கிலோ திரும்பி வருகிறது, வெள்ளிக்கிழமை 160 கிலோ. ஆக மொத்தம் 470. குறைவது 30 கிலோ. பேசி வைத்த பிராசஸ் லாஸ் (சாயமிடும்போது குறையும் எடை) 5 சதவீதம், அதாவது 25 கிலோ. கூடுதலாகப் போன 5 கிலோ யார் கணக்கு? வெள்ளிக்கிழமை வந்ததில் 40 கிலோவில் ஷேடு வித்தியாசம். அது மறுபடி அதே பட்டறைக்குப் போகிறது, இந்த முறை கூலி கிடையாது. மீதி 430 கிலோ கட்டிங்குக்கு இறங்குகிறது. அங்கே கிலோ பீஸாக மாறுகிறது. பீஸுக்கு 180 கிராம் என்று வைத்து விலை போட்டிருந்தால் ஏறத்தாழ 2,390 பீஸ் வர வேண்டும். கட்டிங் மாஸ்டர் 2,310 என்று எழுதிக் கொடுக்கிறார். காணாமல் போன 80 பீஸ், சுமார் 14 கிலோ துணி. ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கான துணி எடை) கூடிவிட்டதா, மார்க்கரில் (வெட்டுவதற்கான வரைவில்) வீணானதா, பண்டல் எண்ணியதில் பிழையா?

இந்த ஒரு லாட்டுக்குள் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் லாபம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே முதல் அளவுகோல் இதுதான்: துணி ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய டிசியோடு உள்ள தொடர்பு அறுபடாமல் வருகிறதா? பல மென்பொருள்களில் 'ஜாப் ஒர்க்' (வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் வேலை) என்று ஒரு பக்கம் இருக்கும். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். 40 கிலோ மறுசாயத்துக்குப் போய் 38 கிலோவாகத் திரும்பினால் அது எந்த ஆர்டரின் எந்த லாட்டில் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இரண்டாவது அளவுகோல், சட்டம் மாறும்போது யார் ஓடி வருவார்கள் என்பது. மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ், பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை) 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லாரையும் பிடித்துவிட்டது. இவ்வளவும் மூன்றாண்டுக்குள் நடந்தது. ஆடைக்கான வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆகிவிட்டது. மென்பொருளுக்குள் 1,000 என்ற எண்ணை எவராவது நிரலிலேயே எழுதி வைத்திருந்தால், அவரைத் தேடிப் பிடிக்கிற வேலை உங்களுடையது.

மூன்றாவது, ஐந்தாண்டுக்கான மொத்தச் செலவு. முதல் ஆண்டு விலையை மட்டும் பார்ப்பவர்தான் பிறகு விற்பவரிடம் சிக்குகிறார். நான்காவது, வெளியே வரும் வழி: பிடிக்கவில்லை என்றால் நம் தரவை முழுதாக எடுத்துக்கொண்டு போக முடியுமா?

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதி திட்டங்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன. பதிவு செய்வது யார் கை? குடோனில் துணியை எடை போட்டு இறக்குபவர், மாலை ஆறு மணிக்கு லாரி நிற்கும்போது, திரையில் எத்தனை பெட்டிகளை நிரப்ப வேண்டியிருக்கும்? திரை தமிழில் இருக்கிறதா? நான்கைந்து பெட்டிகளுக்கு மேல் போனால் அவர் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் உத்தேசமாக ஏற்றுவார். அதன் பிறகு எந்த மென்பொருளும் ஒன்றுதான்.

## இருப்பதையே சீர்செய்து ஓட்டுவது

இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மூன்று பையர்கள், பெரும்பாலும் ஒரே வகை ஸ்டைல், முதலாளி தினமும் குடோனுக்குள் நடக்கிறார் என்றால், டேலியும் ஒழுங்கான எக்செலும் போதும். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆவது பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். அந்தக் கணக்கை ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். டிசி எண் ஒழுங்காக இருந்தால் இதற்கு எக்செலே தாங்கும்.

மறைந்திருக்கும் செலவு, அந்தக் கோப்பை வைத்திருக்கும் ஆள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எந்த வரிசையை ஏன் மறைத்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் பக்கத்துக் கம்பெனிக்கு மாறிய மாதத்தில்தான் அதன் விலை தெரியும். ஐந்தாறு பையர்கள், இரண்டு யூனிட்டுகள் என்று ஆனபின் இந்த வழியில் நிற்பது சிக்கனம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசி ஒழுங்கு வராத கம்பெனி எந்த மென்பொருளுக்குப் போனாலும் தோற்கும். ஆகவே வேறு வழியைத் தேர்ந்தவர்களும் முதல் மூன்று மாதம் இங்கேயே நின்று, டிசி இல்லாமல் ஒரு கிலோ துணியும் வாசலைத் தாண்டாது என்ற பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வது நல்லது. இதற்குக் காசு தேவையில்லை, வாட்ச்மேனிடம் கண்டிப்பாகச் சொன்னால் போதும்.

## மாத வாடகைக்கு எடுப்பது

ஸோஹோ போன்ற பொதுவான மென்பொருள்களும் உண்டு, ஆயத்த ஆடைத் தொழிலுக்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு. முன்பணம் குறைவு, சர்வர் தொல்லை இல்லை, வரி விகிதம் மாறினால் அவர்களே மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது அளவுகோலில் இதை வெல்ல வேறு எதுவும் இல்லை.

செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பயனருக்கு மாதம் 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 12 பேர் என்றால் மாதம் 9,600, ஐந்தாண்டில் 5,76,000. இதில் விலையேற்றம் சேரவில்லை, நமக்கு வேண்டிய விதத்தில் அறிக்கை மாற்றித் தருவதற்கான கூலியும் சேரவில்லை. வருமான வரியில் இந்த வாடகை முழுவதும் அந்தந்த ஆண்டின் செலவாகக் கழிந்துவிடும்; வாங்கிய மென்பொருள் என்றால் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானமாகத்தான் கழியும். ஆடிட்டருக்கு இது பிடிக்கும்.

ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற விலையே ஒரு கெட்ட பழக்கத்தைக் கொண்டுவருகிறது. காசை மிச்சம் பிடிக்க, கட்டிங், குடோன், பேக்கிங் மூன்றுக்கும் ஒரே லாகின் கொடுக்கிறார்கள். கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருக்கும். 14 கிலோ குறைந்ததை 4 கிலோ என்று திருத்தியது யார் என்று பிறகு தேடினால், மூவருக்கும் பொதுவான ஒரு பெயர்தான் கிடைக்கும். மென்பொருள் வாங்கியதே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிவதற்காகத்தானே?

துணியின் பயணத்தில் பொதுவான வாடகை மென்பொருள்கள் திணறுகின்றன. தொழிலுக்கென்றே வந்தவை பரவாயில்லை. ஆனால் அவற்றைச் செய்பவை சிறிய நிறுவனங்கள். அவர்கள் கடையை மூடினால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாத முடிவிலும் எல்லாப் பதிவுகளையும் டிசி எண்ணோடு, லாட் எண்ணோடு தரவிறக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பிடிஎஃப் ஆக அறிக்கை கிடைக்கும் என்பதைத் தரவு கிடைக்கும் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

ஒன்றிரண்டு ஆண்டே ஆன, எந்த முறையில் வேலை செய்யப் போகிறோம் என்று இன்னும் முடிவாகாத நிறுவனத்துக்கு இதுவே சரி. வேலைமுறை மாறினால் வாடகையை நிறுத்திவிட்டுப் போகலாம்.

## சொந்தமாக எழுத வைப்பது

முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. 'நாம் எப்படி வேலை செய்கிறோமோ அப்படியே வேண்டும்' என்பார்கள். அந்த 'அப்படியே' என்ற சொல்லில்தான் பணம் கரைகிறது.

உலக அளவில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம். எஸ்ஏபி மென்பொருளை 2011 முதல் நிறுவத் தொடங்கி, 2018இல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று சின்னது: லிடில் தன் இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடும் பழக்கம் உடையது, மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. பழக்கத்தை மாற்ற லிடில் விரும்பவில்லை. மென்பொருளை மாற்ற மாற்ற அது சிக்கலாகிக்கொண்டே போனது. ஆயத்த மென்பொருளை வளைத்ததற்கே இந்த விலை. முழுவதையும் புதிதாக எழுத வைப்பவர், தன் பழக்கங்களில் எவை லாபம் தருபவை, எவை வெறும் பழக்கம் என்று முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். சாயப்பட்டறையோடு பிராசஸ் லாஸ் பேசும் உங்கள் முறை லாபம் தருவது. பில் எண்ணுக்கு முன்னால் தாத்தா காலத்து எழுத்துகளைப் போடுவது பழக்கம்.

அடுத்தது உரிமை. இங்கே பலருக்குச் சட்டம் தெரிவதில்லை. காசு கொடுத்து எழுத வைத்தால் நிரல் நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுடையது. வெளி நிறுவனம் எழுதினால் பொதுவாக உரிமை அவர்களுடையது. அதை எழுத்து மூலம் மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அப்படி மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்தாண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்' என்று இருக்க வேண்டும். மூல நிரலும் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் ஒவ்வொரு தவணைப் பணத்தோடும் கைக்கு வர வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கணக்குப் பகுதியையும் சேர்த்து எழுத வைப்பவர்களுக்கு இன்னொரு சுமை. பிரைவேட் லிமிடெட் உள்ளிட்ட கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடத்தைப் பதிவு செய்கிற, அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்கும் தனி உரிமையாளருக்கும் அந்த விதி இல்லை. நாளை கம்பெனியாக மாறும் எண்ணம் இருந்தால் இன்றே அதைச் செய்து வைக்க வேண்டும்.

பிறகு, ஆண்டுப் பராமரிப்பு. எழுதி முடித்த நாளோடு செலவு முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். எழுதிய இருவரில் ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், தான் எழுதிய பகுதி மட்டும் தெரிந்த மற்றவரோடு மாட்டிக்கொள்வீர்கள்.

இவ்வளவும் சொன்னாலும் இந்த வழி வீண் என்று சொல்ல மாட்டேன். நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று சொந்த யூனிட்டுகளும் வெளி ஜாப் ஒர்க்கும் கலந்து ஓடும் நிறுவனம், மேலே சொன்ன லாட்டின் கதையை வாடகை மென்பொருள் எதுவும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று சோதித்தே அறிந்த நிறுவனம், டிசி ஒழுங்கு ஏற்கெனவே உள்ள நிறுவனம் – மூன்றும் சேர்ந்திருந்தால் எழுத வைக்கலாம்.

## திறந்த மூலத்தை எடுத்து மாற்றிக்கொள்வது

இஆர்பிநெக்ஸ்ட் மும்பையில் பிறந்தது, ஓடூ பெல்ஜியத்தில் பிறந்தது. இஆர்பிநெக்ஸ்டுக்கும் ஓடூவின் சமூகப் பதிப்புக்கும் உரிமக் கட்டணம் இல்லை. கொள்முதல், இருப்பு, உற்பத்தி என்று எலும்புக்கூடு தயாராக இருக்கிறது. சாயத்துக்கும் சைஸ்-கலர் கணக்குக்கும் மட்டும் சதை பூசினால் போதும். நிரல் கையில் இருப்பதால் ஒருவர் விட்டுப்போனாலும் வேறொருவரைப் பிடிக்கலாம்.

இலவசம் என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சர்வர், அன்றாடக் காப்புப் பிரதி, ஆண்டுக்கு ஆண்டு வரும் புதிய பதிப்பு, எல்லாம் உங்கள் தலையில். குறிப்பாக ஒன்றைக் கவனியுங்கள். மாற்றங்களைத் தனிச் செருகலாக எழுதாமல் மூல நிரலுக்குள்ளேயே கைவைத்துவிட்டால், அடுத்த பதிப்புக்கு நகரும்போது எல்லாம் உடையும். வேலைக்கு எடுக்கும் ஆளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. கம்பெனிக்குள் கணினி தெரிந்த ஒருவராவது முழுநேரமாக இருந்தால் இந்த வழி. ஆள் இல்லை என்றால் வேண்டாம்.

## பக்கத்தில் பக்கமாக

| | இருப்பதை ஓட்டுவது | வாடகை | எழுத வைப்பது | திறந்த மூலம் |
|---|---|---|---|---|
| துணியின் பயணம் | ஆளைப் பொறுத்தது | பொதுவானது திணறும் | நன்றாக வரும் | மாற்றினால் வரும் |
| சட்ட மாற்றம் | கணக்குக்கு மட்டும் வரும் | தானாக வரும் | நீங்கள் தேட வேண்டும் | பெரும்பாலும் வரும் |
| முதல் செலவு | இல்லை | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| தொடர் செலவு | தெரியாமல் போகும் | ஆள் எண்ணிக்கையோடு ஏறும் | பராமரிப்பு | சர்வர், ஆள் |
| வெளியே வருவது | எளிது | தரவிறக்கத்தைப் பொறுத்தது | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | எளிது |

## என்னுடைய சாய்வு

நூறு முதல் முந்நூறு இயந்திரங்கள் வரை உள்ள ஏற்றுமதி நிறுவனம் கேட்டால், இந்த நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். அரசு மாற்றுகிற பகுதியை, அதாவது கணக்கு, ஜிஎஸ்டி, மின் விலைப்பட்டியல் ஆகியவற்றை, ஆயத்தமாக வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நூலில் தொடங்கி பேக்கிங் வரை உள்ள துணியின் பயணத்தை மட்டும் திறந்த மூலத்தின் மேலோ, எழுத வைத்தோ சொந்தமாக்குங்கள். இரண்டுக்கும் இணைப்பு ஒரு திசையில் மட்டும் இருக்கட்டும்: உற்பத்தியிலிருந்து கணக்குக்கு. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பேசும் இணைப்பை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இருப்பு எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆக்குவதும் அதுவே.

சம்பளத்தை முதல் ஆண்டில் இதில் சேர்க்காதீர்கள். பீஸ் ரேட்டில் ஒரு எண் தவறினாலும் சனிக்கிழமை மாலை பிரச்சினை தையல் ஹாலில் வெடிக்கும். அதன் பிறகு தொழிலாளர்கள் அந்தத் திரையை நம்ப மாட்டார்கள்.

எப்போது மாறுவது என்பதும் தேர்வின் பகுதிதான். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 48 மாதம் தேவை என்று சொல்லப்பட்ட மென்பொருள் மாற்றத்தை 30 மாதத்தில் முடிக்க முனைந்து, 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனைக்குச் சரக்கு அனுப்பும் பருவத்துக்குச் சற்று முன் இயக்கியது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் தடுமாறின. நம் ஊரில் இதே தவறு ஏப்ரல் 1 என்ற பெயரில் வருகிறது. புதிய நிதியாண்டில் தொடங்கலாம் என்பது கணக்காளரின் வசதி. ஷிப்மெண்ட் நெருக்கடி அந்த மாதத்தில் இருந்தால் ஃபேக்டரிக்கு அது ஆபத்து.

தேதியை வைத்து மாறுவதைவிட ஆர்டரை வைத்து மாறுவது பாதுகாப்பு. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்கள் பழைய எக்செலிலேயே முடியட்டும். அடுத்து வரும் சின்ன ஆர்டர் ஒன்று, இரண்டு நிறம், நான்கு சைஸ், பழக்கமான பையர், புதியதில் தொடங்கட்டும். அந்த ஆர்டர் ஷிப்மெண்ட் ஆனபின், திரை காட்டும் துணி இருப்பையும் குடோனில் எடை போட்ட இருப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அடுத்த மூன்று ஆர்டர்களை ஏற்றுங்கள். ஒத்துவராவிட்டால் விற்றவருக்குத் தர வேண்டிய தவணையை நிறுத்திவைத்து, வித்தியாசம் எந்த டிசியில் தொடங்கியது என்று அவரையே குடோனில் உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள்.